சிவப்பு முனை

என் மேசை டிராயரில் ஒரு பென்சில் கிடக்கிறது. ஒரு முனை சிவப்பு, மறு முனை நீலம். அந்தக் காலத்தில் ஆபீஸ் வேலை பார்த்தவர்கள் சட்டைப் பையில் எல்லாம் இருந்த பென்சில்தான், அதிசயம் ஒன்றுமில்லை. நீலப் பக்கம் தேய்ந்து தேய்ந்து கட்டைவிரல் அகலத்துக்கு வந்துவிட்டது. பால் அட்டையில் குறிப்பது, பேப்பரில் வரும் அச்சுப்பிழைக்கு வட்டம் போடுவது, சிலிண்டர் மாற்றிய நாளைக் காலண்டரில் எழுதி வைப்பது எல்லாவற்றுக்கும் நீலம்தான். சிவப்புப் பக்கம் அப்படியே நிற்கிறது. இத்தனைக்கும் பென்சில் என்னுடையது இல்லை. பாயுடையது. திருப்பிக் கொடுக்க வாய்க்கவில்லை.

எழுபதுகளின் நடுவில் தருமபுரியில், ஸ்டேஷனுக்குப் போகிற ரோட்டில், முன்பு புளி மண்டியாக இருந்த ஒரு கட்டடத்தில் எங்கள் ஆபீஸ் இருந்தது. ஆபீஸ் என்றால் இரண்டே அறை. பெங்களூரில் இருந்த ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியின் கிளை அது. கம்ப்யூட்டர் இங்கே கிடையாது. அது பெங்களூரில், குளிர் அறைக்குள், வெள்ளைக் கோட்டு போட்டவர்களின் காவலில் இருந்தது. எங்களிடம் இருந்தது கட்டம் போட்ட தாளும் பென்சிலும்தான். ஒரு அறையில் பாய் உட்கார்ந்து புரோகிராம் எழுதுவார். அடுத்த அறையில் நான் உட்கார்ந்து அவர் எழுதியதில் தப்பு இருக்கிறதா என்று பார்ப்பேன். பார்த்து முடித்த தாள்கள் பாசஞ்சர் ரயிலில் பெங்களூர் போகும். அங்கே அவற்றை அட்டையில் ஓட்டை ஓட்டையாக அடித்து மிசினுக்குக் கொடுப்பார்கள். மிசின் நேரம் அப்போது தங்கம். தப்போடு ஓட்டி வீணாக்க முடியாது. அதனால்தான் தப்பு பார்க்கவென்றே ஒரு ஆள்.

என் வேலைக்குப் பெயர் செக்கர். தருமபுரியில் செக்கர் என்றால் பஸ்ஸில் ஏறி டிக்கெட் கேட்கிறவர். டீக்கடையில் போய் நின்றால், "என்னா செக்கரு, இன்னிக்கி எந்த ரூட்டு?" என்று கேலி செய்வார்கள். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். கோபத்தில் போர்டில் எழுதியிருந்த பலகாரப் பெயரில் எழுத்துப்பிழை இருக்கிறது என்று சொல்லிவிட்டு வந்துவிடுவேன். அந்தக் கடையிலும் அப்புறம் யாரும் என்னோடு பேசவில்லை.

நான் அப்படித்தான். நொட்டை சொல்வது என் ரத்தத்தில் இருந்தது. மாரண்டஹள்ளியில் எங்கள் வீட்டில் கிணறு வெட்டியபோது வட்டம் சரியில்லை என்றேன், அண்ணன் பேச்சை நிறுத்தினார். பெண் பார்க்கப் போன இடத்தில், பஜ்ஜி தட்டு கையில் இருக்கும்போதே, ஜாதகத்தில் தசை இருப்புக் கணக்கு தப்பு என்றேன். உண்மையிலேயே தப்புதான், நான் இன்றைக்கும் அதில் மாறவில்லை. ஆனால் அந்தச் சம்பந்தம் அதோடு போயிற்று, அடுத்த சம்பந்தமும் வரவில்லை. "குத்தம் பாத்தா சுத்தம் இல்லடா, கண்ணு. நீ ஒண்டியாத்தான் கெடப்ப" என்று ஆத்தா தலையில் அடித்துக்கொண்டாள். ஆத்தாவுக்குக் கோபத்தில் வந்த வார்த்தை, அப்படியே பலித்துவிட்டது. வேலை கிடைத்ததும் தருமபுரியில் ஒரு அறை எடுத்துக்கொண்டு, குற்றம் பார்ப்பதையே பிழைப்பாக்கிக்கொண்டேன்.

பாய் என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவர். எங்கள் பக்கத்தில் வயதெல்லாம் பார்ப்பதில்லை, முஸ்லிம் என்றால் பாய்தான். அவர் அப்பா கடைவீதியில் இரும்பு டிரங்குப் பெட்டி செய்து விற்றார். மகன் மெட்ராஸில் கணக்குப் படித்து, பெங்களூரில் புரோகிராம் எழுதப் பழகினார். அப்பாவுக்குக் கால் விழுந்ததும் ஊருக்கே திரும்பி வந்துவிட்டார். பெரிய குடும்பம், வீடு நிறைய ஆட்கள். ஆனாலும் அவர் முகத்தில் ஒரு தனிமை இருந்தது. அது எனக்கு ரொம்ப நாள் புரியவே இல்லை.

நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்ளக் கூடாது. விளையாட்டில்லை, பெங்களூர் மேனேஜர் போட்ட கட்டளை அது. "எழுதறவனும் பாக்கறவனும் பேசிக்கிட்டா, அவன் என்ன நெனச்சு எழுதினான்னு இவனுக்குத் தெரிஞ்சுடும். அப்புறம் இவன் தாள்ல இருக்கறதப் பாக்க மாட்டான், அவன் நெனச்சதத்தான் பாப்பான்" என்றார். நியாயமான பேச்சுதான். மண்டிக்காரர் காலத்தில் சீட்டு வாங்கிப் போட வைத்திருந்த ஒரு சின்ன ஜன்னல் இரண்டு அறைக்கும் நடுச்சுவரில் இருந்தது. அதன் மரக்கதவைத் தட்டி, பாய் தாளை வைப்பார். நான் எடுத்துக்கொள்வேன். பார்த்து முடித்ததும் நான் தட்டி வைப்பேன். "தாள் வெச்சிருக்கேனுங்க." "சரிங்க." இவ்வளவுதான் பேச்சு. டீ கூட அவரவர் பிளாஸ்க், அவரவர் டம்ளர். வருஷக்கணக்கில் ஒரே கூரைக்குக் கீழே இருந்தோம். அவர் இருமினால் எந்த நெஞ்சுச் சளி என்று எனக்குத் தெரியும். ஆனால் அவருக்கு எத்தனை அண்ணன் தம்பி என்று தெரியாது.

எழுதிய புரோகிராம் எதற்கு என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து ஆலை ஒன்றுக்குக் கரும்பு போடுகிறவர்கள், எந்த மாதம் நட்டோம் என்று பதிந்து வைப்பார்கள். எந்தத் தோட்டத்தை எந்த வாரம் வெட்டுவது என்று மிசின் வரிசை போட்டுக் கொடுக்க வேண்டும். கேட்க லேசாக இருக்கும். புதுக் கரும்பு ஒரு கணக்கு, வெட்டிய கட்டையில் தானாக வளரும் கரும்பு இன்னொரு கணக்கு. ரகத்துக்கு ரகம் முற்றுகிற மாதம் வேறு. வரிசையில் ஒரு தோட்டம் விட்டுப்போனால் அது பூவெடுத்து, சாறு வற்றி, வெறும் சக்கையாக நிற்கும். வருஷம் பூரா தண்ணீர் கட்டினவன் வரப்பில் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார வேண்டியதுதான். நான் தோட்டக்காரன் வீட்டுப் பிள்ளை, எனக்கு அது தெரியும். அதனால் நானே மிசினாக மாறி உட்கார்வேன். எங்கள் அண்ணன் தோட்டத்தை மனதில் வைத்துக்கொண்டு, பாயின் தாளில் ஒவ்வொரு வரி சொல்கிறபடியும் கணக்குப் போட்டு, கடைசியில் அண்ணன் கரும்பு சரியான வாரத்தில் வெட்டுப்படுகிறதா என்று பார்ப்பேன். பேசாத அண்ணனுக்கு நான் செய்த ஒரே உபகாரம் அது. அவருக்கு இன்னமும் தெரியாது.

என் வழக்கம் ஒன்று உண்டு. முதல் தடவை படிக்கும்போது பென்சிலைக் கையில் எடுக்க மாட்டேன். பென்சில் கையில் இருந்தால் கண் தப்பை மட்டும் தேடும், எழுதினவனைப் பார்க்காது. முதலில் சும்மா முழுசாகப் படிப்பேன். இரண்டாவது தடவைதான் சிவப்பு. தப்பு இருக்கிற வரிக்குச் சிவப்பு வட்டம். பாய் திருத்தி, நான் மறுபடி பார்த்துச் சரி என்றால் அதன்மேல் நீலக் கோடு. அப்படிப் படித்துப் படித்துத்தான் பாயை எனக்குத் தெரிந்தது. மனுஷனுக்கு நடை மாதிரி, தப்புக்கும் ஒரு நடை உண்டு. பாய் தப்பு எப்போதும் ஓரத்தில்தான் இருக்கும். நடுவில், கஷ்டமான கணக்கில், அவர் சறுக்கவே மாட்டார். கடைசித் தோட்டம் வரை பார்த்துவிட்டு நிறுத்து என்று எழுத வேண்டிய இடத்தில், அதற்கு முந்தைய தோட்டத்தோடு நிறுத்திவிடுவார். டிசம்பர் முடிந்து ஜனவரி பிறந்தால் வருஷமும் மாறுமே, அது மறந்துபோகும். முடிக்கப் போகிற நேரத்தில் மனசு அடுத்த வேலைக்குத் தாவிவிடும்போல. நல்ல மனுஷன், அவசரக்காரர். முகம் பார்த்துப் பேசாமலே இதெல்லாம் எனக்குத் தெரிந்திருந்தது.

முதல் வருஷம் என் பென்சிலில் சிவப்புப் பக்கம்தான் வேகமாகத் தேய்ந்தது. போகப் போக வட்டங்கள் குறைந்தன. பாய் தேறிவிட்டார். நான் எங்கே பார்ப்பேன் என்று தெரிந்துகொண்டு அங்கே தானே ஒருமுறை பார்த்துவிட்டு அனுப்பினார். எனக்குப் பெருமையாக இருந்தது. வட்டங்களின் எண்ணிக்கை மாதாமாதம் பெங்களூர் போகும். மேனேஜர் அதைக் கட்டத் தாளில் கோடாகப் போட்டு வைத்திருந்தார். ஒருநாள் அந்தத் தாளைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ரயிலில் வந்து இறங்கினார். கோடு மலையிலிருந்து இறங்குவது போல் இறங்கிக்கொண்டே வந்தது.

"இதுக்கு என்னாங்க அர்த்தம்?" என்று கேட்டார்.

"பாய் நல்லா எழுதறாருன்னு அர்த்தமுங்க" என்றேன்.

"நீங்க சரியாப் பாக்கறதில்லைன்னும் இருக்கலாமே."

எனக்குச் சுருக்கென்றது. பாலக்கோடு மார்க்கெட்டில் தக்காளி பொறுக்குகிறவனை எடுத்துக்கொள்ளுங்கள், அவன் கூடையிலிருந்து அழுகல் குறைவாக வெளியே எடுத்தால் அது தக்காளி நன்றாக இருப்பதாலா, அவன் கண் மங்கிப்போனதாலா, எடுத்த அழுகலை மட்டும் எண்ணினால் எப்படித் தெரியும் என்று கேட்டேன். கெட்டிக்காரர், ஒத்துக்கொண்டார். "ரெண்டுல எதுன்னு எனக்கும் தெரியலீங்க. ஆனா எதுவா இருந்தாலும் இந்த நாற்காலி எதுக்குன்னு மேல கேப்பாங்கல்ல?" என்றார். பாய் நல்லவரானால் நான் வேண்டாம். நான் மோசமானாலும் நான் வேண்டாம். வருகிற பருவத்துக்குப் புது ரகக் கரும்பு வருகிறது, புரோகிராமை மாற்ற வேண்டும், பழைய சுவரில் புது ஜன்னல் வைத்தால் எங்காவது விரிசல் விடும், அந்த மாற்றத்தில் எத்தனை தப்பு அகப்படுகிறது என்று பார்த்து முடிவு செய்யலாம் என்று சொல்லிவிட்டுப் போனார். ஜன்னல் கதவு லேசாகத் திறந்திருந்தது. அந்தப் பக்கம் பாயின் நாற்காலி ஒரு சத்தமும் போடவில்லை.

பயந்துபோனேன். சம்பளம் போனால் மாரண்டஹள்ளிக்குத் திரும்பி அண்ணன் வாசலில் நிற்க வேண்டும், அது ஒரு பக்கம். அதைவிட, காலையில் எழுந்தால் போய் உட்கார ஒரு இடம், தட்டினால் தாள் வரும் ஒரு ஜன்னல், இது போய்விட்டால் எனக்கு இந்த உலகத்தில் எவனும் இல்லை. இதைச் சொல்ல எனக்கு என்ன வெட்கம்? அப்படித்தான் இருந்தது.

புது ரகத்துக்கான தாள்கள் வந்தன. வழக்கம்போல் பென்சிலைத் தள்ளி வைத்துவிட்டுப் படித்தேன். முதல் தாளின் நடுவிலேயே ஒரு தப்பு. கழிக்க வேண்டிய இடத்தில் கூட்டியிருந்தார். அப்பாடா என்றிருந்தது. அடுத்த தாளில் இன்னொன்று, கட்டைக் கரும்பின் மாதத்தைப் புதுக் கரும்புக்குப் போட்டிருந்தார். அதற்கடுத்து இன்னொன்று. மழை பெய்த மாதிரி வந்துகொண்டே இருந்தது. இவ்வளவு வட்டம் போட்டால் மேனேஜரின் கோடு கூரையைத் தொடும், என் நாற்காலியை எவனும் அசைக்க முடியாது. சந்தோஷத்தில் படித்துக்கொண்டே போனவன் பாதியில் நின்றுவிட்டேன். எல்லாம் நடுவில் இருந்தன. ஓரத்தில் ஒன்றுகூட இல்லை. சின்னப் பிள்ளை கண்ணாமூச்சியில் பாதி உடம்பு வெளியே தெரிய ஒளிந்துகொள்வது போல, கண்டுபிடி கண்டுபிடி என்று ஒவ்வொன்றும் நின்றது.

ஜன்னலைத் தட்டினேன். அந்த ஆபீஸில் நாங்கள் பேச்சு என்று பேசியது அது ஒன்றுதான்.

"பாய், இதெல்லாம் உங்க தப்பு இல்லீங்க."

"என்னாங்க, என் கையெழுத்துதானுங்களே."

"கையெழுத்து உங்களுது. தப்பு உங்களுது இல்ல."

 பாய் கதவை முழுசாகத் திறந்தார். அவர் முகத்தை அவ்வளவு கிட்டத்தில் அன்றைக்குத்தான் பார்த்தேன். கண்ணுக்குக் கீழே கறுத்துப்போயிருந்தது.

"போட்டு அனுப்பிடுங்களேன். யாருக்குத் தெரியப் போவுது?" என்றார். பிறகு தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "எங்க வூட்ல பன்னெண்டு பதிமூணு பேருங்க. நான் என்னா வேல செய்யறேன்னு ஒருத்தருக்கும் தெரியாது. அட்டையில ஓட்ட போடறான்னு நெனச்சிக்கிட்டு இருக்காங்க. நீங்க போயிட்டா நான் எழுதறத யாருங்க படிப்பாங்க?"

"பெங்களூர் மிசின் படிக்குதே" என்றேன், வேறு ஒன்றும் வாயில் வராமல்.

"மிசின் ஓட்டுமுங்க. படிக்காது."

கதவைச் சாத்திவிட்டேன். சாத்தாவிட்டால் அழுதிருப்பேன். என் தப்பை மன்னித்தவர்கள் உண்டு, பொறுத்துக்கொண்டவர்கள் உண்டு. எனக்காக ஒரு மனுஷன் உட்கார்ந்து, யோசித்து, தன் பெயருக்குக் கெட்ட பெயர் வரட்டும் என்று தப்பு செய்திருக்கிறார்! அந்தக் கோட்டுக்கு இரண்டு பக்கம் உண்டு. அது ஏறினால் என் நாற்காலி நிலைக்கும், ஆனால் எழுதுகிறவன் கெட்டுப்போய்விட்டான் என்று பாயின் பெயர் கீழே போகும். அந்த வட்டாரத்திலேயே தப்பில்லாமல் எழுதத் தெரிந்த ஒரே ஆள். அந்தப் பெயரைத் தவிர அவருக்கும் வேறு சொத்து கிடையாது. ஆசை இல்லாமல் இல்லை எனக்கு. மத்தியானம் முழுக்கச் சிவப்பு முனையைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பிறகு பென்சிலைத் திருப்பி, அத்தனை இடத்திலும் நீலத்தால் கோடு போட்டேன். நீலம் எண்ணிக்கையில் சேராது, பாய் மட்டும் பார்த்துத் திருத்திக்கொள்வார். மறுபடி கடைசித் தாளை எடுத்து ஓரத்தைத் தேடினேன். இருந்தது. வேண்டுமென்றே செய்த தப்புகளில் மூழ்கிப்போனவர், தன் சொந்தத் தப்பைக் கவனிக்காமல் விட்டிருந்தார். ஜனவரியில் வருஷம் மாறவில்லை. அதற்கு மட்டும் அழகாக ஒரு சிவப்பு வட்டம் போட்டேன்.

தாளை ஜன்னலில் வைத்தேன். புரட்டுகிற சத்தம் கேட்டது. "ஒன்னே ஒன்னா?" என்றார் உள்ளேயிருந்து. "ஒன்னுதானுங்க உங்களுது" என்றேன். அதற்குப் பிறகு கோபமோ வருத்தமோ, "தாள் வெச்சிருக்கேனுங்க" என்பதையும் நிறுத்திவிட்டார். வெறும் தட்டு மட்டும்தான். பெங்களூருக்கு ஒன்று என்ற எண்ணிக்கை போயிற்று. பொங்கலுக்குள் என் நாற்காலியும் போயிற்று. மேனேஜர் நல்ல மனசுக்காரர், சேலத்தில் வேறொரு இடத்தில் கணக்கு சரிபார்க்கும் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார்.

சேலம் பாசஞ்சருக்காக ஸ்டேஷனில் தகரப்பெட்டியோடு உட்கார்ந்திருந்தேன். வழியனுப்ப யார் வரப் போகிறார்கள்? தூரத்தில் பாய் வேகவேகமாக வருவதைப் பார்த்ததும் பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டேன். வந்து, அதே பெஞ்சில், பக்கத்தில் உட்கார்ந்தார். நான் கம்பெனி ஆள் இல்லை, இனிமேல் பேசலாம். ஆனால் இரண்டு பேருக்கும் பேச வரவில்லை. வெயிலைப் பற்றி ஏதோ சொன்னார். பிறகு சட்டைக்குள்ளிருந்து ஒரு தாளை எடுத்து என் மடியில் வைத்தார்.

"வண்டி வர்ற வரைக்கும் படிங்க."

படித்தேன். கையில் பென்சில் இல்லாமல், முதலில் சும்மா. கிணற்றுத் தண்ணீர் மாதிரி தெளிவாக இருந்தது. நடுவில் ஒரு சறுக்கல் இல்லை. "ஒன்னுமில்லீங்க பாய், பிரமாதம்" என்று சொல்ல வாயெடுத்தவன் கடைசி வரியில் நின்றேன். கடைசித் தோட்டம் விட்டுப்போயிருந்தது. கையை நீட்டினேன். அவர் பையிலிருந்து பென்சிலை எடுத்துக் கொடுத்தார், சிவப்பு முனை என் பக்கம் இருக்கும்படி. வட்டம் போட்டேன். பாய் அந்த வட்டத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிரிக்கும் சத்தம் எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குள் வண்டி வந்துவிட்டது. தாளை வாங்கிக்கொண்டு, பெட்டியை ஏற்றிவிட்டார். பென்சில் என் கையிலேயே தங்கிவிட்டது.

சேலத்தை நெருங்கும்போதுதான் உறைத்தது. அது அவர் தப்புதானா? இல்லை, வேண்டுமென்றே செய்தது என்று என்னால் கண்டுபிடிக்க முடியாதபடி எனக்காகச் செய்வதற்கு, தன் தப்பு எங்கே விழும் என்று இதற்குள் கற்றுக்கொண்டுவிட்டாரா? பார்த்த மாத்திரத்தில் எது பாயுடையது, எது இல்லை என்று சொன்னவன் நான். அந்த ஒன்றை மட்டும் சொல்ல முடியவில்லை. இன்றைக்கு வரைக்கும் முடியவில்லை. கடிதம் எழுதிக் கேட்கலாம் என்று பல தடவை உட்கார்ந்தேன். எழுதியதில் ஏதாவது பிழை கண்ணில் படும், கிழித்துப் போடுவேன். சில வருஷம் கழித்துத் தருமபுரி போனபோது அந்தக் கட்டடத்தில் டயர் கடை இருந்தது. டிரங்குப் பெட்டிக் கடையில் பாயின் அண்ணன் மகன் என்று ஒருவர் உட்கார்ந்திருந்தார். சித்தப்பா வளைகுடாப் பக்கம் போய்விட்டார் என்றார். "அங்க என்னா வேல?" என்றேன். "ஏதோ கம்ப்யூட்டர்ங்க, எங்களுக்கு என்னா தெரியுது" என்றார்.

இப்போது என் போன் வாரத்துக்கு ஒருமுறை தானாகச் சொல்கிறது, சில பிழைகள் சரிசெய்யப்பட்டன என்று. யார் செய்த பிழை, யார் பார்த்தது, ஒன்றும் இல்லை. இந்த வயதில் ஒண்டியாக இருக்கிறவனுக்கு அதைப் படித்ததும் வேறொன்று கேட்கத் தோன்றுகிறது: எழுதினவரும் பார்த்தவரும் ஒருதரமாவது ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்களா? காலையில் பேப்பர் வந்ததும் டிராயரைத் திறந்து பென்சிலை எடுக்கிறேன். பக்கத்துக்குப் பக்கம் தப்பு. எல்லாவற்றுக்கும் நீலத்திலேயே வட்டம் போட்டுவிட்டு மூடி வைத்துவிடுகிறேன். சிவப்புக்குத் தகுந்த தப்பை இன்னும் யாரும் செய்யவில்லை.